விழுந்த இடம் வேறு, தடுக்கிய இடம் வேறு

மெல்பர்னிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். பெரிய கடிதம் இல்லை. அப்படியே தருகிறேன்.

"என் பையனுக்குப் பதினாறு வயசு. ஒரு பழைய லேப்டாப்ல லினக்ஸ் போட்டு, 'கெர்னல் மாட்யூல்' எழுதறேன்னு ராத்திரி ஒரு மணி வரைக்கும் உட்கார்றான். லேப்டாப் திடீர் திடீர்னு அப்படியே உறைஞ்சு போயிடுது. ரேம் கெட்டுப்போச்சு, புதுசு வாங்கித் தாங்கன்னு கேட்கறான். வாங்கிக் கொடுக்கறதா, இல்ல இந்த வேலையே வேண்டாம்னு நிறுத்தறதா? எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது. எப்படி உதவறதுன்னும் தெரியலை."

வழக்கமாக இந்தப் பத்தியில் பிள்ளைகளின் ஃபோன், கேம், ஸ்கூல் லேப்டாப் என்று பேசுவோம். இந்தக் கடிதம் மட்டும் நேராக என் பிழைப்புக்குள்ளேயே வந்துவிட்டது. நெட்வொர்க் கருவிகளுக்கு லினக்ஸ் டிரைவர் எழுதுவதும், அவை விழுந்தால் ஏன் விழுந்தன என்று துப்பறிவதும்தான் நான் சம்பளம் வாங்குகிற வேலை. அதனால் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரேம் வாங்க வேண்டாம் அக்கா. நிறுத்தவும் வேண்டாம். உங்களால் உதவ முடியும். எப்படி என்பதுதான் மீதிக் கட்டுரை.

சமையற்கட்டும் பந்தியும்

ஒரு கல்யாண மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டுக் கூடத்தில் வரிசையாக இலை போட்டிருக்கிறது. ஒருத்தர் தண்ணீரைக் கொட்டிவிட்டால் அந்த ஒரு இலையை எடுத்துவிட்டு வேறு இலை போடுவார்கள். பக்கத்து இலைக்காரர் பாட்டுக்குச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். உங்கள் பிரவுசர், வேர்டு, யூடியூப் எல்லாம் இந்தக் கூடத்தில் உட்கார்ந்திருப்பவர்கள். ஒன்று விழுந்தால் அது மட்டும்தான் மூடும்.

கெர்னல் என்பது பின்னால் இருக்கும் சமையற்கட்டு. நினைவகம், டிஸ்க், கீபோர்டு, திரை, நெட்வொர்க் எல்லாம் அங்கிருந்துதான் பரிமாறப்படுகின்றன. அங்கே ஒருவர் சாம்பார் அண்டாவில் இரண்டு கை உப்பை அதிகமாகப் போட்டுவிட்டால் போச்சு, மொத்தப் பந்தியும் எழுந்துவிடும்.

லினக்ஸ் கெர்னல் 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் ஹெல்சின்கியில் மாணவராக இருந்தபோது ஆரம்பித்தது. அதில் ஒரு வசதி உண்டு. பந்தி நடந்துகொண்டிருக்கும்போதே வெளியிலிருந்து ஒரு புதுச் சமையல்காரரை உள்ளே அனுப்பலாம், வேலை முடிந்ததும் வெளியே கூப்பிட்டுக்கொள்ளலாம். அவர்தான் மாட்யூல். உள்ளே அனுப்பும் கட்டளை 'இன்ஸ்மாட்', வெளியே எடுக்கும் கட்டளை 'ஆர்எம்மாட்'. உள்ளே போனபின் அவரைத் தனியாக யாரும் கண்காணிப்பதில்லை. எந்த அண்டாவிலும் கை வைக்கலாம். அதனால்தான் கத்துக்குட்டி எழுதிய இருபது வரி மாட்யூல்கூட முழுக் கணினியையும் சாய்த்துவிடுகிறது.

உறைவது ஏன் நல்லது

"கம்ப்யூட்டர் கெட்டுப்போகுமா?" என்பது எல்லா அம்மா அப்பாவும் கேட்கிற கேள்வி. கெர்னல் தன் நினைவகத்தில் ஏதோ தப்பாக இருக்கிறது என்று கண்டுபிடித்தால் இரண்டு வழிகளில் ஒன்றை எடுக்கும். சமாளிக்க முடிந்தால் அந்த வேலையை மட்டும் கொன்றுவிட்டு ஒரு அறிக்கை எழுதும். இதற்கு 'ஊப்ஸ்' என்று பெயர், நிஜமாகவே. சமாளிக்க முடியாத இடமென்றால் 'பேனிக்', அதாவது எல்லாவற்றையும் அங்கேயே நிறுத்திவிடும். அந்தச் செய்தியில் 'நாட் சிங்கிங்' என்று ஒரு சொல் வரும். "என் கையில் இருப்பதை டிஸ்க்கில் எழுதப்போவதில்லை" என்று அர்த்தம். கையில் இருப்பதே கலப்படமாக இருக்கும்போது அதைக் கொண்டுபோய் நம் குடும்பப் போட்டோக்களின் மேல் எழுதினால் என்ன ஆகும்? அதைவிட நின்றுவிடுவது மேல்.

ஆகவே உறைந்துபோவதைக் கெட்டுப்போவதாக நினைக்காதீர்கள். மேலும் கெடாமல் இருப்பதற்காகத்தான் நின்றிருக்கிறது. ஆனாலும் எழுதி முடிக்காத கோப்புகள் பாழாகலாம் என்பதால், வீட்டில் எல்லாரும் பயன்படுத்தும் கணினியில் இந்த விளையாட்டு வேண்டாம். கணினிக்குள்ளேயே ஒரு பொய்க் கணினி ஓட்டலாம். விர்ச்சுவல் மெஷின் என்பார்கள், 'கியூஎமு' என்ற இலவச மென்பொருள் அதற்குப் போதும். அது நூறு தடவை விழுந்தாலும் நிஜக் கணினிக்கு ஒன்றும் ஆகாது.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. நிஜ லேப்டாப்பில் பேனிக் வரும்போது முழுத்திரையில் பிரவுசர் ஓடிக்கொண்டிருக்கும். கெர்னலின் கடைசி வார்த்தைகள் திரைக்கும் வராது, டிஸ்க்குக்கும் போகாது. விர்ச்சுவல் மெஷினில் அந்த வார்த்தைகளை சீரியல் கன்சோல் என்ற வழியாக வெளியே கொண்டுவந்து ஒரு கோப்பில் சேமிக்கலாம். அந்த அறிக்கை கையில் இல்லாமல் யோசிப்பதெல்லாம் வெறும் ஊகம்தான். பையன் ரேம் மேல் சந்தேகப்பட்டதும் அப்படித்தான். ராத்திரி முழுக்க மெம்டெஸ்ட் ஓடவிட்டிருக்கிறான், ஒரு பிழைகூடக் காட்டவில்லை. ஆனாலும் சந்தேகம் போகவில்லை.

கடைசி வரியில் இருந்த பெயர்

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் அம்மாவும் பையனும் உட்கார்ந்தார்கள். அவன் எழுதிய மாட்யூல் சின்னதுதான். கீபோர்டில் எத்தனை தடவை விசை தட்டுகிறோம் என்று எண்ணும். ஐந்து வினாடிக்கு ஒரு தடவை ஒரு டைமர் எழுந்து அந்த எண்ணிக்கையை லாக்கில் எழுதும். அவ்வளவுதான்.

"மாட்யூல் ஓடும்போது ஒண்ணுமே ஆகறதில்ல அங்கிள். அதை எடுத்தப்புறம், நான் யூடியூப் பார்த்துட்டிருக்கும்போது ஃப்ரீஸ் ஆகுது. அதான் என் கோட் இல்லைன்னு சொல்றேன்."

நியாயமான வாதம். கோடு வெளியே போய்விட்டது, பிறகுதானே விழுகிறது? விர்ச்சுவல் மெஷினை அமைக்க அவனுக்கு ஒரு வாரம் பிடித்தது. அடுத்த ஞாயிறு அதில் மாட்யூலை ஏற்றி, இறக்கி, காத்திருந்தோம். மூன்றாவது வினாடி அறிக்கை வந்து கொட்டியது. முப்பது நாற்பது வரி, பாதிக்கு மேல் பதினாறடிமான எண்கள். பழகாத கண்ணுக்கு அது குப்பை மாதிரிதான் தெரியும். ஆனால் முதலில் பார்க்க வேண்டியவை நாலே நாலு.

ஒன்று, என்ன குற்றச்சாட்டு என்ற முதல் வரி. எந்த முகவரியைத் தொடப்போய் விழுந்தது என்று அதில் இருக்கும். முகவரி 18 மாதிரி மிகச் சின்ன பதினாறடிமான எண்ணாக இருந்தால், அநேகமாக யாரோ வெற்றுச் சுட்டியைப் பிடித்துக்கொண்டு அதன் 24-வது பைட்டைக் கேட்டிருக்கிறார்கள். பதினாறடிமான 18 நம் கணக்கில் 24. எங்களுக்கு வந்ததோ மிகப் பெரிய எண்.

இரண்டு, 'ரிப்' என்ற வரி. விழுந்த நொடியில் பிராசஸர் எந்த ஃபங்ஷனில் நின்றது என்று சொல்லும். வழக்கமாக அங்கே ஒரு பெயர் இருக்கும். எங்கள் அறிக்கையில் பெயரே இல்லை, வெறும் முகவரிதான். கெர்னலுக்கே அது யாருடைய வீடு என்று தெரியவில்லை.

மூன்று, 'கால் ட்ரேஸ்'. யார் யாரைக் கூப்பிட்டார்கள் என்ற சங்கிலி. அதைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். எங்களுடையதில் பிரவுசரும் இல்லை, வீடியோவும் இல்லை. டைமர்களை ஓட்டுகிற கெர்னலின் சொந்த ஃபங்ஷன்கள்தான் இருந்தன.

நான்கு, 'மாட்யூல்ஸ் லிங்க்ட் இன்' என்று ஆரம்பிக்கும் பட்டியல். அப்போது உள்ளே இருந்த மாட்யூல்களின் பெயர்கள். பலரும் இதைத் தாண்டிப் போய்விடுவார்கள். ஆனால் அந்தப் பட்டியலின் முடிவில், சதுர அடைப்புக்குள், 'லாஸ்ட் அன்லோடட்' என்று ஒரு பெயர் இருக்கும். கடைசியாக வெளியே போனவர் யார் என்று. அங்கே பையனின் மாட்யூல் பெயர் இருந்தது.

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டான், "ஆனா அங்கிள், அதுதான் இல்லையே! இல்லாத கோட் எப்படி கிராஷ் ஆகும்?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா சொன்னார்: "ஏன்டா, நாம வீடு மாறினப்புறமும் உன் பார்சல் எல்லாம் பழைய வீட்டுக்கே போய்க்கிட்டிருந்துச்சே, அந்த மாதிரியா? நீ காலி பண்ணிட்டே, ஆனா அட்ரஸை மாத்தச் சொல்லலை."

இதைவிட நன்றாக நான் விளக்கியிருக்க மாட்டேன். மாட்யூல் உள்ளே வரும்போது கெர்னலிடம் இரண்டு இடத்தில் பதிவு செய்துகொண்டது. கீபோர்டு தட்டும்போது கூப்பிடு என்று ஒன்று, ஐந்து வினாடிக்கு ஒரு தடவை கூப்பிடு என்று இன்னொன்று. கிளம்பும்போது முதல் பதிவை ரத்து செய்தது. இரண்டாவதைச் செய்யவில்லை. மாட்யூல் இருந்த நினைவகம் காலியானது. ஐந்து வினாடி முடிந்ததும் கெர்னல் சொன்ன வாக்குப்படி அந்த முகவரிக்குப் போய்க் கதவைத் தட்டியது. அங்கே வீடே இல்லை.

ஒரே ஒரு வரி சேர்த்தால் தீர்ந்தது: டைமரை ரத்து செய். அதோடு விட்டுவிடாமல் பையனிடம் இன்னொன்றும் செய்யச் சொன்னேன். ஐந்து வினாடியைச் சில மில்லிவினாடியாகக் குறைத்து, நூற்றுக்கணக்கான தடவை ஏற்றி இறக்கும்படி ஒரு சின்ன ஸ்கிரிப்ட். எப்போதாவது வரும் பிழையை அடிக்கடி வரவைத்தால்தான் தீர்ந்ததா இல்லையா என்று தெரியும். மறுபடி விழுந்தது! காரணம் நுணுக்கமானது. ஒரு பிராசஸர் கோர் டைமரை ரத்து செய்கிற அதே நொடியில், இன்னொரு கோரில் அந்த டைமர் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கலாம். அது முடியும் முன்பே வீட்டை இடித்துவிட்டோம். இதற்காகவே கெர்னலில் 'டைமர்_டிலீட்_சிங்க்' என்று தனியாக ஒன்று இருக்கிறது. ரத்தும் செய்யும், ஓடிக்கொண்டிருப்பது முடியும்வரை காத்தும் இருக்கும். அதைப் போட்ட பிறகு ஸ்கிரிப்ட் ராத்திரி முழுக்க ஓடியது, விழவில்லை.

இந்த மாதிரிக் காலி வீட்டுப் பிழைகள் சாதாரணம் என்பதால், கெர்னல்காரர்கள் பொறி வைத்திருக்கிறார்கள். சோதனை அமைப்பைப் போட்டுவிட்டால், விடுவிக்கப்பட்ட நினைவகத்தில் 6பி என்ற பதினாறடிமான எண்ணைப் பூசிவைக்கும். அறிக்கையில் 6பி6பி6பி என்று வரிசையாகப் பார்த்தால், யாரோ காலி செய்த வீட்டுக்குள் போயிருக்கிறார்கள் என்று அர்த்தம். 2015-இல் வந்த 4.0 பதிப்பிலிருந்து 'கேசான்' என்ற காவல்காரரும் உண்டு. எட்டு பைட்டுக்கு ஒரு பைட் வீதம் தனிக் குறிப்பேடு வைத்துக்கொண்டு, எந்த நினைவகத்தை யார் எப்போது விடுவித்தார், பிறகு யார் தொட்டார் என்று இரண்டு பக்கத்தையும் சேர்த்தே சொல்லிவிடுவார். கணினி மெதுவாகும். கற்கிற பிள்ளைக்கு அதனால் நஷ்டமில்லை.

பிப்ரவரியில் தடுக்கி, ஜூலையில் விழுந்தது

இது கத்துக்குட்டிகளின் பிரச்சினை என்று நினைத்துவிடாதீர்கள். 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை, ஏர்போர்ட்டில் மாட்டிக்கொண்டவர்கள் நம் வாசகர்களிலும் இருப்பீர்கள். உலகம் முழுக்க நீலத்திரை. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் மென்பொருள் விண்டோஸ் கெர்னலுக்குள் ஒரு டிரைவராக ஓடுகிறது. அதற்கு வந்த ஒரு சின்ன அப்டேட் சுமார் 85 லட்சம் கணினிகளைச் சாய்த்தது என்று மைக்ரோசாஃப்ட் கணக்கிட்டது. டெல்டா விமான நிறுவனம் மட்டும் அடுத்த சில நாட்களில் சுமார் 7,000 விமானங்களை ரத்து செய்தது. தவறான கோப்பை 78 நிமிடத்தில் திரும்ப வாங்கிவிட்டார்கள். ஆனால் விழுந்த கணினிகள் ஆன் ஆகும்போதே மறுபடி விழுந்துகொண்டிருந்ததால், ஆட்கள் ஒவ்வொன்றாகப் போய் சேஃப் மோடில் அந்தக் கோப்பை அழிக்க வேண்டியிருந்தது.

ஜூலையில் என்ன தப்பு செய்தார்கள் என்று எல்லாரும் கேட்டார்கள். அந்த நிறுவனமே ஆகஸ்டில் வெளியிட்ட அறிக்கையைப் படித்தால், தடுக்கிய இடம் பிப்ரவரியில் இருக்கிறது. அந்த மாதம் ஒரு புது வகை விதியைச் சேர்த்தார்கள். அதன் வரையறையில் 21 கட்டங்கள். அதை நிரப்பிக் கொடுக்கும் நிரலோ 20 மதிப்புகளைத்தான் கொடுத்தது. ஐந்து மாதம் ஒன்றும் ஆகவில்லை. ஏனென்றால் அதுவரை வந்த விதிகள் எல்லாம் 21-வது கட்டத்தில் "எதுவானாலும் சரி" என்று விட்டிருந்தன, யாரும் அதை எட்டிப் பார்க்கவில்லை. ஜூலை 19 அன்று வந்த விதிதான் முதல் தடவையாக அந்தக் கட்டத்தைப் பார்த்தது. இருபதே பேர் உட்கார்ந்திருக்கும் பந்தியில் 21-வது இலைக்குப் பரிமாறப் போன மாதிரி, தனக்குச் சொந்தமில்லாத நினைவகத்தில் கை வைத்தது. கெர்னலுக்குள் நடந்ததால் முழு விண்டோஸும் நின்றது.

மெல்பர்ன் பையனின் மாட்யூலும் 85 லட்சம் கணினிகளும் அளவில் மலையும் மடுவும். உருவம் ஒன்றுதான். தடுக்கிய நேரத்தில் எதுவும் விழவில்லை. விழுந்த நேரத்தில் அங்கே இருந்தவன் மேல்தான் எல்லாருடைய கண்ணும் போயிற்று.

அம்மா அப்பா என்ன கேட்கலாம்?

நம் வீடுகளில் ஏதாவது உடைந்தால் முதலில் வரும் கேள்வி, "யாரு கடைசியா தொட்டது?" துப்பறிய இது நல்ல கேள்விதான். கெர்னலே 'லாஸ்ட் அன்லோடட்' என்று அதைத்தானே எழுதிவைக்கிறது? ஆனால் நம் குரலில் அது பெரும்பாலும் தீர்ப்பாக வெளிவருகிறது. பிள்ளை உடனே "நான் இல்லை, ரேம்தான்" என்கிறான். துப்பு அங்கேயே மூடிக்கொள்கிறது.

அதற்குப் பதிலாக, கோடிங் ஒரு வரி தெரியாத அம்மா அப்பாவும் கேட்கக்கூடிய கேள்விகள் இவை.

"எப்போ கடைசியா நல்லா ஓடிச்சு? அதுக்கப்புறம் என்ன மாத்தினே?" ஆயிரம் மாற்றங்கள் இருந்தாலும் நடுவில் ஒன்றைச் சோதித்து, பாதியை ஒதுக்கி, மீதியில் மறுபடி நடு என்று போனால் பத்துச் சோதனையில் பிடித்துவிடலாம். 'கிட் பைசெக்ட்' என்ற கட்டளை இதைத்தான் செய்கிறது. சின்ன வயதில் "நூறுக்குள் ஒரு எண் நினைச்சுக்கோ" என்று விளையாடினோமே, அதே விளையாட்டு.

"ஒவ்வொரு தடவையும் விழுதா, எப்பவாவதா? அடிக்கடி விழ வைக்க முடியுமா?"

"விழும்போது அது என்ன சொல்லிட்டு விழுந்துது? அதைச் சேமிச்சியா?" ரீஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இது.

"உள்ளே வரும்போது எதையெல்லாம் எடுத்தே? போகும்போது எல்லாத்தையும் திருப்பிக் கொடுத்தியா?" கெர்னலில் விழுகிற மாட்யூல்களில் எத்தனையோ இந்த ஒரு கேள்வியிலேயே மாட்டிக்கொள்ளும்.

கடைசியாக, "எனக்குத் தமிழ்ல சொல்லு." இதை நான் மொழிப்பற்றில் சொல்லவில்லை. டைமர், கால்பேக், பாயின்ட்டர் என்ற சொற்களைத் தெரிந்த பிள்ளை அவற்றின் பின்னால் ஒளிந்துகொள்ள முடியும், தனக்குத் தெரியாததே தெரியாமல். அந்தச் சொற்கள் இல்லாமல் அம்மாவுக்குச் சொல்ல வேண்டுமென்றால் நிஜமாக என்ன நடக்கிறது என்று யோசித்தே ஆக வேண்டும். எங்கள் தொழிலில் மேஜைமேல் ஒரு ரப்பர் வாத்தை வைத்து அதனிடம் விளக்கிச் சொல்லும் பழக்கமே உண்டு. வாத்து எதிர்க்கேள்வி கேட்காது. அம்மா கேட்பார், அதுவும் பார்சல் கேள்வி.

அப்படியே உங்கள் வீட்டு சமையற்கட்டுக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்றும் ஒரு தடவை பாருங்கள். சில ஆன்லைன் கேம்கள் ஏமாற்றுக்காரர்களைப் பிடிப்பதற்காகக் கெர்னலுக்குள் தங்கள் டிரைவரை வைக்கின்றன. வாலரன்ட் கேமின் வேன்கார்டு அப்படிப்பட்டது, விண்டோஸ் ஆன் ஆகும்போதே ஏறிவிடும். கூடாது என்று சொல்லவில்லை. வங்கிக் கணக்கு பார்க்கிற கணினியில் அது வேண்டுமா, பிள்ளையின் கணினியில் மட்டும் போதுமா என்று பெற்றோராக நீங்கள் முடிவு செய்யுங்கள். "யெஸ்" பொத்தானை முடிவு செய்ய விடாதீர்கள்.

இந்த மாதம் செய்து பார்க்க: உங்கள் பிள்ளை அடுத்த முறை "கிராஷ் ஆயிடுச்சு" என்று வந்தால், பவர் பட்டனை அழுத்தும் முன் திரையை ஃபோனில் ஒரு போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து அதைப் படியுங்கள். முழுதாகப் புரிய வேண்டாம். தெரிந்த ஒரு பெயர் அதில் இருக்கிறதா என்று தேடுங்கள், முக்கியமாகக் கடைசி வரியில்.